அரசாணைக்கு அஞ்சாத நாவுக்கரசர்

தமிழ்நாட்டில் கடலூர் மாவட்டத்துப் பண்ணுருட்டிக்கு அருகே திருவாமூர் என்னும் சிற்றூர் ஒன்று உள்ளது. ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்கு முன்னர் அந்நிலப்பகுதி திருமுனைப்பாடி நாடு என வழங்கப்பெற்றது. அவ்வூரில் வேளாளர் குடியில் தோன்றிய புகழனார் என்பவரும், அவர்தம் இல்லத்தரசியார் மாதினியாரும் அறநெறி வழுவாது வாழ்ந்து வந்தனர். அவர்களுக்கு முதலில் ஒரு பெண்மகவும், சில ஆண்டுகள் கழித்து ஓர் ஆண்மகவும் பிறந்தன. மூத்தவர் திலகவதியார், இளையவர் மருணீக்கியார். பின்னாளில் திருநாவுக்கரசர் என்றும் அப்பர் அடிகள் என்றும் உலகம் போற்றிய பெருமகனார் இம்மருணீக்கியாரே ஆவார்.

நம் கோயில்களில் தேவாரம் ஓதும் பிள்ளைகள் அப்பர் பெயரை நன்கு அறிவார்கள். ஆனால் அவர் பட்ட பாடுகளை அறிந்தவர் அத்துணைப் பேர் இலர். அவருடைய வரலாற்றை 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்துள் விரிவாகப் பாடியுள்ளார். சேக்கிழார் சோழ மன்னனுக்கு அமைச்சராக விளங்கியவர். அரசர்க்குப் பணிசெய்த ஒருவரே, அரசனுக்குப் பணியாத ஒருவரின் கதையை இவ்வளவு உருக்கமாகப் பாடியிருப்பது எண்ணி மகிழத்தக்கது. ஈண்டு யான் எழுதுவன பெரும்பாலும் அந்நூலைத் தழுவியனவே.

திலகவதியார் மணப்பருவம் எய்தியபோது, கலிப்பகையார் என்னும் படைத்தலைவருக்கு அவரை மணம் பேசி முடித்தனர். மணம் நிகழுமுன்னரே மன்னன் ஆணையை ஏற்றுக் கலிப்பகையார் வடபுலத்துப் போருக்குச் சென்றார். அக்காலத்திலேயே புகழனார் நோயுற்று உயிர்நீத்தார். கணவரைப் பிரிந்து வாழ மனமில்லாத மாதினியாரும் உடன் மறைந்தார். பெற்றோரை ஒருசேர இழந்து கலங்கி நின்ற அப்பிள்ளைகளுக்கு, போர்க்களத்தில் கலிப்பகையார் வீழ்ந்துபட்ட செய்தியும் வந்து சேர்ந்தது. பெற்றோர் அவருக்கென்றே தம்மை உறுதி செய்தமையால், அவரோடு தம் உயிரையும் சேர்த்துவிடுவதெனத் திலகவதியார் துணிந்தார். அப்பொழுது தம்பியார் அவர் திருவடிகளில் வீழ்ந்து கதறினார். தாயும் தந்தையும் போனபின்பு தமக்கையைக் கண்டே தாம் உயிர் தாங்கியிருப்பதாகவும், அவரும் செல்வதாயின் தாம் முன்னரே சென்றுவிடுவதாகவும் கூறி அழுதார். அவ்வழுகைக்காகவே திலகவதியார் உயிர் தரித்தார். பொன்னும் மணியும் பூணாமல், எல்லா உயிர்களிடத்தும் அருள் பூண்டு, மனையின்கண் தவம் இருந்தார். தம்பியின் பொருட்டு அந்த அம்மையார் ஏற்றுக்கொண்ட அவ்வாழ்வே இக்கதை முழுமைக்கும் அடித்தளம் என்பது என் கருத்து.

மருணீக்கியார் வளர்ந்து பெரியவரானார். செல்வமும் இளமையும் யாக்கையும் நிலையாதவை என்பதை இளமையிலேயே கண்கூடாகக் கண்டவர் அல்லரோ? ஆதலின் தம்மிடம் இருந்த பொருளையெல்லாம் அறச்சாலைகளுக்கும் தண்ணீர்ப்பந்தல்களுக்கும் சோலைகளுக்கும் குளங்களுக்கும் வாரி வழங்கினார். அதன்பின் எந்தச் சமயம் மெய்ச்சமயம் என ஆராயத் தலைப்பட்டுச் சமண நெறியைச் சார்ந்தார். பாடலிபுத்திரம் என வழங்கிய ஊரிலிருந்த சமணப் பள்ளியை அடைந்து, அந்நெறியின் நூல்களையெல்லாம் கற்றார். இவ்வூர் வடநாட்டுப் பாடலிபுத்திரம் அன்று. இன்றைய கடலூரின் ஒரு பகுதியாகிய திருப்பாதிரிப்புலியூரே அப்பெயரால் வழங்கியது. அது பெரிய கல்விக்கூடமாக விளங்கிய இடம். கி.பி. 458ஆம் ஆண்டிலேயே அங்கே சருவநந்தி என்னும் சமண முனிவர் உலகவிபாகம் என்ற நூலை எழுதி முடித்தார் என்பதற்குச் சான்று உண்டு. அத்தகைய பள்ளியில் மருணீக்கியார் தருமசேனர் என்னும் பெயரும் தலைமைப் பட்டமும் பெற்று விளங்கினார்.

மாணவர்கள் ஒன்றை மனத்திற் கொள்ளவேண்டும். சமணர் தமிழுக்குச் செய்த தொண்டு அளப்பரியது. சீவக சிந்தாமணியும் நன்னூலும் சமணர் தந்த செல்வங்கள். இன்று நாம் இலக்கணம் கற்பதும் ஒரு சமண முனிவரின் நூலைக் கொண்டே. ஆகவே இவ்வரலாற்றைப் படித்துவிட்டு ஒரு சமயத்தாரை இகழ்வது முறையன்று. தருமசேனர் அங்கே கல்வியும் புகழும் பெற்றார். ஆனால் நெஞ்சின் அமைதியைப் பெற்றாரில்லை.

திலகவதியார் கெடில நதிக்கரையிலுள்ள திருவதிகை வீரட்டானம் சென்று, நாள்தோறும் திருக்கோயிலை அலகிட்டு, சாணத்தால் மெழுகி, மலர் கொய்து மாலை தொடுத்துத் தொண்டு செய்து வந்தார். தம்பி மீண்டு வரவேண்டும் என்பதொன்றே அவர் வேண்டுகோள். அதன் பயனாகத் தருமசேனருக்குச் சூலைநோய் என்னும் கொடிய வயிற்றுவலி கண்டது. குடலை முறுக்கிப் பிடித்த அந்நோய்க்குப் பள்ளியிலிருந்தோர் தாம் அறிந்த மந்திரங்களையெல்லாம் ஓதிப் பார்த்தும், மயிற்பீலி கொண்டு தடவியும் தீர்வு காணவில்லை. நோய் பொறுக்கலாற்றாத தருமசேனர் தம் தமக்கையாரிடம் ஆள் அனுப்பினார். அம்மையார் அப்பள்ளிக்கு வர இசையவில்லை. அதனைக் கேட்ட தருமசேனர், தம் தலைமைக்கோலத்தைக் களைந்து, பாயையும் பீலியையும் விட்டு, வெண்ணிற ஆடை உடுத்து, ஒருவரும் அறியாமல் இரவோடிரவாகத் திருவதிகைக்கு வந்தார்.

பின்னர் அரசன் செய்த கொடுமைகளைத்தான் எல்லாரும் பெரிதாகப் பேசுவர். எனக்கோ அந்த இரவுப் பயணமே மிகக் கடினமானதாகத் தோன்றுகிறது. பலரும் வணங்கும் ஆசானாக இருந்த ஒருவர், தாம் பல ஆண்டுகள் போதித்ததை விட்டுவிட்டு, அரசனுடைய ஆதரவையும் துறந்து, நோயால் துவண்ட உடலோடு தமக்கையின் குடிசை வாயிலில் வந்து வீழ்வதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும்! திலகவதியார் அவரைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. திருவைந்தெழுத்தை ஓதித் திருநீற்றை அளித்து, விடியற்காலையில் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அங்கே அவர் திருவாயிலிருந்து முதற்பதிகம் பிறந்தது. சூலையும் தீர்ந்தது. நாவுக்கரசு என்னும் பெயரும் அன்று இறையருளால் அவருக்கு வாய்த்தது.

செய்தி பாடலிபுத்திரத்துக்கு எட்டியது. தலைவரை இழந்தால் தம் மதிப்புப் போய்விடும் என அஞ்சியவர்கள், பல்லவ மன்னனிடம் சென்று முறையிட்டனர். தருமசேனர் பொய்யாக நோய் நடித்துச் சமயம் மாறினார் என்றும், இது மன்னனுடைய சமயத்தையே இழிவுபடுத்துவது என்றும் கூறினர். அம்மன்னன் காஞ்சிபுரத்திலிருந்து ஆட்சிபுரிந்த முதலாம் மகேந்திரவர்மன் என்று வரலாற்றாசிரியர் பலரும் கருதுகின்றனர். அவன் கல்லாத கொடியவன் அல்லன். கி.பி. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட அவ்வேந்தன், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இல்லாமல் மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து கோயில் கண்டவன். மத்தவிலாசம் என்னும் நகைச்சுவை நாடகத்தை இயற்றியவன். சித்திரகாரப்புலி என்று பட்டம் பூண்ட ஓவியன். இத்துணைக் கலைகளைக் கற்றவனுக்கும், ஒரு குடிமகனின் நெஞ்சுக்குள் தன் ஆணை செல்லாது என்பது விளங்கவில்லை.

அமைச்சர்கள் படையோடு திருவதிகைக்கு வந்து அரசாணையைத் தெரிவித்தனர். நாவுக்கரசர் அவ்வாணையை ஏற்கவில்லை. தாம் இறைவன் ஒருவனுக்கே ஆளானமையால் வேறு எவருக்கும் குடியல்லர் என்பதும், எமனுக்கும் அஞ்சவேண்டியதில்லை என்பதும் அவர் மறுமொழியின் பொருள். அம்மறுமொழி ஒரு பதிகமாகவே அமைந்தது. மறுமாற்றத் திருத்தாண்டகம் என அதனைப் பெயரிட்டு இன்றும் ஓதுகின்றனர். மறுமாற்றம் என்றால் எதிருரை. ஆயினும் வந்த அமைச்சர்கள் அவருடைய பெருமையை உணர்ந்து, அடிபணிந்து, உடன் எழுந்தருளவேண்டும் என்று இரந்து நின்றனர். ஆணைக்கு வாராதவர் வேண்டுகோளுக்கு இசைந்தார். வருவன எவையாயினும் இறைவன் காப்பான் என்ற உறுதியோடு அவர்களுடன் நடந்தார். ஓடி ஒளியவும் இல்லை. படைகொண்டு எதிர்க்கவும் இல்லை.

முதலாவது தண்டனை நீற்றறை. கிளிஞ்சலையும் சுண்ணாம்புக்கல்லையும் சுட்டு நீறாக்கும் சூளையே நீற்றறை எனப்படும். ரப்பர்த் தகடுகளைப் புகைபோட்டு உலர்த்திய அறைகளுக்குள் நின்று வேலை செய்த பெரியவர்கள் நம்மிடையே இருக்கின்றனர். அவ்வெப்பத்தில் சிறிது நேரம் நிற்பதே எத்தகையது என்பதை அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். சுண்ணாம்புச் சூளையின் வெப்பமோ அதனினும் பன்மடங்கு கொடியது. அதனுள் நாவுக்கரசரை அடைத்துக் கதவை இறுக மூடி 7 நாள் காவல் வைத்தனர். அவ்வறைக்குள் அவர் இறைவனுடைய திருவடி நிழலை மாலைநிலவுக்கும் தென்றலுக்கும் ஒப்பிட்டுப் பாடினார். ஏழாம் நாள் கதவைத் திறந்தவர்கள், ஊனம் ஒன்றும் இன்றி உவகையோடு அமர்ந்திருந்த அவரைக் கண்டு வியந்தனர்.

அடுத்து நஞ்சு கலந்த பாற்சோறு ஊட்டினர். அதுவும் அவரை ஒன்றும் செய்யவில்லை. பின்னர் மதங்கொண்ட யானையை ஏவினர். அது அவரை வலம்வந்து வணங்கிவிட்டு, ஏவினவர்கள் மேலேயே திரும்பிப் பாய்ந்தது. இறுதியாக அவரைக் கயிற்றால் பிணித்து, கல்லோடு சேர்த்துக் கட்டி, படகில் ஏற்றிச் சென்று நடுக்கடலில் தள்ளினர். கடலில் வீழ்ந்தவர் திருவைந்தெழுத்தின் பெருமையைப் பாடினார். அப்பதிகத்தை நமச்சிவாயப் பதிகம் என்பர். கட்டிய கல்லே தெப்பமாகி மிதந்து, திருப்பாதிரிப்புலியூர்க் கரையில் அவரைச் சேர்த்தது. எந்த ஊரில் தருமசேனராக வீற்றிருந்தாரோ அதே ஊரின் கரையில் நாவுக்கரசராக வந்து ஏறினார். ஊர்மக்கள் திரண்டு ஆரவாரித்து அவரை வரவேற்றனர்.

இவை நிகழ்ந்திருக்குமா என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்பதுண்டு. கேட்பதில் தவறு ஒன்றும் இல்லை. கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட செய்தியைத் திருநீலக்குடிப் பதிகத்தில் நாவுக்கரசரே குறிப்பிட்டுள்ளார். ஆகவே அரசியலாரின் கொடுமைக்கு அவர் ஆளானார் என்பதற்கு அவர் வாய்மொழியே சான்று. கல் மிதந்தது எங்ஙனம் என்பது அவரவர் நம்பிக்கையைப் பொறுத்தது. ஆனால் கல்லைக் கட்டும்போது அவர் மனம் மாறவில்லை என்பதில் எவருக்கும் ஐயம் எழ வேண்டியதில்லை. மிதக்கும் என்று தெரிந்துகொண்டு எவரும் கடலில் இறங்குவதில்லை.

இவற்றையெல்லாம் கண்ட மன்னன் தானும் சைவ நெறியைச் சார்ந்தான். திருச்சிராப்பள்ளி மலைக்குகைக் கல்வெட்டு, குணபரன் என்னும் பட்டம் பூண்ட அவ்வேந்தன் வேற்று நெறியிலிருந்து திரும்பியதைக் கூறுவதாக அறிஞர் கொள்வர். அவன் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து, அக்கற்களைக் கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் என்னும் கோயிலை எழுப்பினான் எனப் பெரியபுராணம் கூறுகிறது. இதனைப் படிக்குந்தோறும் எனக்கு மனம் வருந்துகிறது. நேற்று நாவுக்கரசரைச் சூளையில் இட்ட அதே அதிகாரந்தான் இன்று பள்ளியை இடிக்கிறது. கைமாறிற்றே தவிர அதன் இயல்பு மாறவில்லை. அக்கல்விக்கூடத்தில் எத்தனை ஏடுகள் இருந்தனவோ! நாவுக்கரசரின் பாடல்களிலும் சமணரைக் கடிந்துரைக்கும் சொற்கள் உள என்பதை மறைக்க வேண்டியதில்லை. பட்ட துன்பம் அவ்வாறு பேச வைத்தது. எனினும் இடித்த செயல் மன்னனுடையது. நாவுக்கரசரோ அம்மன்னனுடைய அவையில் ஒரு பதவியும் ஏற்காமல், கையில் உழவாரப்படையை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக நடக்கத் தொடங்கினார்.

உழவாரம் என்பது புல் செதுக்கும் கருவி. கோயில் வீதிகளில் முளைத்த புல்லையும் முள்ளையும் செதுக்கித் தூய்மை செய்வதே அவர் மேற்கொண்ட தொண்டு. வெளிக்காட்டில் புல்வெட்டும் வேலை செய்த நம் தாய்மார்களுக்கு அவ்வேலையின் அருமையைக் கூறவேண்டியதில்லை. இடுப்பு ஒடியும், உள்ளங்கை காய்த்துப் போகும். பெரும்புலவராகவும் பள்ளித் தலைவராகவும் இருந்தவர் தம் வாழ்நாளின் எஞ்சிய பகுதி முழுவதையும் இவ்வேலையிற் கழித்தார். மனத்தால் நினைத்தலும் வாயால் பாடுதலும் கையால் உழைத்தலும் அவரிடத்தில் ஒன்றாகவே இருந்தன.

சீர்காழியில் திருஞானசம்பந்தரைக் கண்டார். சம்பந்தர் அப்போது இளம்பிள்ளை. முதியவராகிய இவரை அவர் அப்பரே என்று அழைத்தார். அன்று முதல் அப்பெயர் நிலைத்தது. பின்னொரு முறை திருப்பூந்துருத்திக்குச் சம்பந்தர் முத்துச்சிவிகையில் வந்தபோது, கூட்டத்தினுள் எவரும் அறியாமல் புகுந்து, சிவிகை தாங்குவோருள் ஒருவராக அப்பரும் தோள்கொடுத்தார். அப்பர் எங்கே என்று சம்பந்தர் வினவ, சிவிகையின் கீழிருந்து விடை வந்தது. பதைத்துக் கீழிறங்கிய பிள்ளையார் அவரை வணங்கினார். மன்னன் ஆணையிட்டும் வர மறுத்தவர், அன்புக்கு அழைப்பில்லாமலே தோள்கொடுத்தார்.

திங்களூரில் அப்பூதி அடிகள் என்றொரு அந்தணர் இருந்தார். அவர் அப்பரை நேரிற் கண்டதே இல்லை. ஆயினும் கல்லோடு கடலிலிருந்து கரையேறிய கதையைக் கேட்டு உருகி, தம் பிள்ளைகளுக்கும் தாம் வைத்த தண்ணீர்ப்பந்தலுக்கும் வீட்டுப் பசுவுக்கும் திருநாவுக்கரசு என்றே பெயரிட்டிருந்தார். வழிநடந்து வந்த அப்பர் அத்தண்ணீர்ப்பந்தலில் தம் பெயரைக் கண்டு, தம் பெயர் எழுதாமல் வேறொருவர் பெயரை எழுதியது ஏன் என்று அவரைக் கேட்டார். வந்தவர் யாரென அறியாத அப்பூதியார் சினந்து கடிந்துகொண்டார். பின்னர் உண்மை தெரிந்து காலில் வீழ்ந்தார். விருந்துக்கு வாழைக்குருத்து அரியச் சென்ற மூத்த மகன் பாம்பு தீண்டி இறந்தான். அடியவர் உண்ணாமற் போய்விடுவாரே என்று பெற்றோர் மகனின் உடலை மறைத்து வைத்துவிட்டு இலை போட்டனர். அதனை உணர்ந்த அப்பர், உடலைக் கோயில் முன்னே கொணரச் செய்து பாடி உயிர்ப்பித்தார். பிள்ளையைப் பறிகொடுத்த நிலையிலும் விருந்தினரின் பசியை எண்ணிய அப்பெற்றோரை நினைக்கும்போது நம் கண்கள் கலங்குகின்றன.

பழையாறை வடதளியில் மீண்டும் ஒரு போராட்டம். அங்கே சிவாலயத்தை மறைத்து வைத்திருந்தனர். திருவுருவத்தைக் காணாமல் உண்பதில்லை என்று அப்பர் பட்டினி கிடந்தார். அரசன் கனவில் இறைவன் தோன்றி உணர்த்த, அவன் வந்து கோயிலை வெளிப்படுத்தினான். அங்கும் அரசன் சமணரிடம் கடுமை காட்டினான் என்றே புராணம் கூறுகிறது. அப்பர் கைக்கொண்டது உண்ணாநோன்பு மட்டுமே.

திருவீழிமிழலையில் பஞ்சத்தின்போது அடியார்களுக்கு அன்னமிட்டது, திருமறைக்காட்டில் அடைத்திருந்த கதவைப் பாடித் திறந்தது, கயிலையைக் காண விரும்பி முதுமையில் நடந்தும் தவழ்ந்தும் புரண்டும் சென்று திருவையாற்றில் அக்காட்சியைப் பெற்றது ஆகிய இவையெல்லாம் விரித்தெழுதத்தக்கன. இடமின்மையால் விடுகின்றேன். அவர் பாடியவற்றுள் இன்று நமக்குக் கிடைப்பன 312 பதிகங்கள். அவை 4, 5, 6ஆம் திருமுறைகளாகத் தொகுக்கப்பெற்றுள்ளன.

இறுதிக்காலத்தில் அப்பர் திருப்புகலூரில் தங்கி உழவாரத் தொண்டு செய்து வந்தார். அங்கே அவருக்கு வந்த சோதனை வேறு வகையானது. அச்சுறுத்த இயலாத ஒருவரை ஆசை காட்டி வெல்லலாம் அன்றோ? அவர் செதுக்கிய இடத்திலெல்லாம் பொன்னும் நவமணிகளும் கிடைத்தன. அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒன்றாக வாரி அருகிலிருந்த குளத்தில் எறிந்துவிட்டுப் புல் செதுக்குவதைத் தொடர்ந்தார். வானுலக மகளிர் வந்து ஆடியும் பாடியும் மயக்க முயன்றனர். அவர் தலைநிமிர்ந்தும் பார்க்கவில்லை.

அவ்வூரிலேயே சித்திரைத் திங்கள் சதய நாளில், தம் 81ஆம் அகவையில், அப்பர் அடிகள் இறைவன் திருவடியை அடைந்தார். ஆண்டுதோறும் அந்நாளில் சிவாலயங்களில் அவருக்குக் குருபூசை நடைபெறுகிறது. நால்வர் திருவுருவங்கள் வரிசையாக நிற்கும் சந்நிதிக்குச் செல்லும் பிள்ளைகள் சற்று நின்று கவனிக்கட்டும். ஏட்டுச்சுவடியோ பொற்றாளமோ இன்றி, தோளில் புல் செதுக்கும் கருவியைச் சாய்த்தபடி, கைகுவித்து நிற்கும் முதியவர் அவரே.